150 ரூபாய்க்கு 2,000 வருஷம்!

"செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு நாள் டூர் போயே ஆகணும் மச்சான்!"

எந்த காலேஜா இருந்தாலும் இந்த டயலாக் வராம தேர்டு இயர் முடியாது. அப்புறம் நடக்கிறதும் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஒருத்தன் ஊட்டிம்பான், ஒருத்தி கொடைக்கானல்ம்பா, ஒரே நாள்ல திரும்பணும்னு வீட்டில் உத்தரவு வந்ததும் எல்லாம் சுருங்கி மாமல்லபுரத்தில் வந்து நிற்கும். மதகடிப்பட்டு பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற எங்க கிளாஸ்லயும் அதேதான்.

கணக்குப் போட்டோம். மொத்தம் 24 பேர். எங்க ஊர்ல இருந்து புதுச்சேரி, அங்கிருந்து ஈ.சி.ஆர்., போகவே நூறு கிலோமீட்டருக்கு மேல. வேன், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 500. மதியச் சாப்பாடு, சாயங்கால டிபன் 200. சில்லறைச் செலவு 60. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து நுழைவுச் சீட்டு 40. ஆக 800 ரூபாய்.

கவனிச்சீங்களா? நாம பார்க்கப் போற பல்லவர் சிற்பத்துக்கு ஆகிற செலவு இருபதுல ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் டீசலுக்கும் வயித்துக்கும்! ஏப்ரல் 18 உலக மரபு தினம். அன்னிக்குத் தொல்லியல் துறை பல வருஷம் இலவசமா உள்ளே விட்டிருக்கு. அந்த நாளாப் பார்த்துப் போனாலும் மிச்சமாகிறது வெறும் 40 ரூபாய்.

மெக்சிகோவில் மாயா நாகரிகத்தின் சிச்சென் இட்சா இருக்கே, அங்கே மத்திய அரசுக்கு ஒரு டிக்கெட், மாநில அரசுக்கு ஒரு டிக்கெட்னு ரெண்டு வாங்கணும். ஆனா அந்த நாட்டுக்காரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்திய அரசு டிக்கெட் இலவசம். நல்ல விஷயம்தான். இருந்தாலும் பஸ் காசு இருக்கிறவங்களுக்குத்தானே அந்த இலவசம்?

திடீர் காய்ச்சல்!

டூர் தேதி அறிவிச்ச உடனே கிளாஸ்ல சில பேருக்குக் காய்ச்சல் வரும். சில பேருக்கு அக்கா நிச்சயதார்த்தம் வரும். ஒரே அக்காவுக்கு ஒரே வருஷத்துல மூணு நிச்சயதார்த்தம் ஆச்சுன்னா, நாம கொஞ்சம் யோசிக்கணும் பாஸ்!

800 ரூபாய் சில வீடுகளில் ஒரு நாள் கூலி. கேட்டா அம்மா எப்படியாவது புரட்டிக் கொடுத்துடுவாங்க. கேட்கத்தான் மனசு வராது. அதை 24 பேர் முன்னாடி எழுந்து சொல்ல வாயும் வராது. காய்ச்சல்னு சொல்றது சுலபம்.

"வராதவங்களுக்கு நாங்க சேர்த்துப் போட்டுடறோம்"னு எங்க கிளாஸ்லயே நாலு பேர் சொன்னாங்க. தங்கமான மனசு. ஆனா வாங்கிக்கிறவங்க இடத்துல இருந்து ஒரு நிமிஷம் பாருங்க. வேன்ல ஜன்னல் சீட் கேட்கவே கூச்சமா இருக்காது?

எங்க கிளாஸ் ரெப் வேற வழி கண்டுபிடிச்சாங்க. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பேர் எழுதக் கூடாது. 'உன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்?' தொகையை மட்டும் எழுதி மடிச்சுப் போடணும். ஆயிரம்னு எழுதினவங்களும் உண்டு. ஒரே ஒரு சீட்டில் 150.

"நம்ம பட்ஜெட் 150. இதுக்குள்ள எங்கே போகலாம்னு சொல்லுங்க"ன்னுட்டாங்க ரெப்! முதல்ல ஒரே கூச்சல். "150 ரூபாய்க்குப் பானிபூரி கடை வரைக்கும்தான் போகலாம்"னு கலாய்ச்சாங்க. அப்புறம்தான் தேட ஆரம்பிச்சோம்.

பஸ் ஜன்னல்ல ராஜராஜன்

தேடினா, நாங்க தினம் காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு கடந்து போற ரோட்டிலேயே எல்லாம் இருக்கு. மதகடிப்பட்டில் குண்டாங்குழி மகாதேவர் கோயில், ராஜராஜ சோழன் காலத்துக் கற்றளி. அதே விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் திருவாண்டார்கோயில் பஞ்சநதீஸ்வரர் கோயில், திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயில். மூணுமே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறவை. டிக்கெட் கிடையாது!

இதுல எங்களை அசத்தினது திருபுவனை. 1048-ம் வருஷம், முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு அந்த ஊர்க் கல்லூரியைப் பத்திச் சொல்லுது. 12 ஆசிரியர்கள், 260 மாணவர்கள். செலவுக்காக ஒதுக்கின நிலம் 72 வேலி. ஊர் வாரிய வேலைகளில் இருந்து ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விலக்கு. (சிம்போசியம் கமிட்டியில் மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க கவனிக்க!)

விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேல. அங்கே ஜூனியர் 270 பேர், சீனியர் 70 பேர். ஜூனியருக்கு ஒரு நாளைக்கு ஆறு நாழி நெல், சீனியருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. அதாவது பத்து நாழி. சீனியர்கள் அப்பவே சலுகை அனுபவிச்சிருக்காங்க பாருங்க! ஒரு ஸ்டூடண்டுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்னு கணக்குப் போட்டு, கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு. அதெல்லாம் வேதம் படிக்க வந்த பிராமண மாணவர்களுக்கான பட்ஜெட். இன்னிக்கு எங்க கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல, பெண்கள் மொத்தமும், அந்த 260-ல இடம் பிடிச்சிருக்கவே முடியாது. யாருக்கு எவ்வளவுன்னு எழுதும்போதே, யார் உள்ளே, யார் வெளியேங்கிறதும் முடிவாகிடுது. 1048-லயும் அப்படித்தான், வேனுக்கு 500-னு எழுதும்போதும் அப்படித்தான்.

எங்க 150

காலையில் குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்கு நடராஜா சர்வீஸ். அங்கிருந்து பஸ்ஸில் திருபுவனை. மதியம் கோயில் நடை சாத்தறதுக்குள்ள பார்த்துட்டு புதுச்சேரி. அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைப் பார்த்துட்டு, டவுன் பஸ் பிடிச்சு அரியாங்குப்பம், அங்கிருந்து நடந்து அரிக்கமேடு.

இந்த வரிசையை மாத்தாதீங்க. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினபோது ரோமானிய மதுச் சாடிகளோட துண்டுகளும் இத்தாலிப் பானை ஓடுகளும் கிடைச்ச இடம்தான் அரிக்கமேடு. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி மணி செஞ்சு கடல் கடந்து அனுப்பின ஊர். ஆனா நேரா அங்கே போனா மரமும் ஆத்தங்கரையும் பழைய செங்கல் சுவரும்தான் கண்ணுல படும். மியூசியத்துல அந்த மணிகளைப் பார்த்துட்டுப் போனாத்தான் கால் வைக்கிற மண்ணு புரியும்.

தலைக்கு ஆன செலவு இதோ... பஸ் 75. பொட்டலச் சாப்பாடு 40. டீ, பிஸ்கட் 15. டிக்கெட், சில்லறை 10. அவசரத்துக்குப் பொது டப்பாவில் 10. தண்ணி பாட்டில் வீட்டிலிருந்து!

ரெண்டு டிப்ஸ். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டில் சந்தை, பஸ்ஸில் கால் வைக்க முடியாது. திங்கட்கிழமை மியூசியம் லீவு. மத்த நாளாப் பாருங்க. கல்வெட்டு எழுத்து நமக்குப் படிக்க வராது. அதனால நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' புத்தகத்தை லைப்ரரியில் எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் படிச்சுட்டுப் போங்க. சுவரே வேற மாதிரி தெரியும்.

24 பேரில் 23 பேர் வந்தோம். வராத ஒருத்தருக்கு நிஜமாவே காய்ச்சல், நம்புங்க! அந்த 150 ரூபாய் சீட்டு யாரோடதுன்னு இதுவரை யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டுக்கவும் இல்லை. அவங்களும் எங்களோட அரிக்கமேட்டு ஆத்தங்கரையில் உட்கார்ந்து, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு, டீக்கடையில் இன்னொரு பிஸ்கட் கேட்டாங்கங்கிறது மட்டும் நிச்சயம்.

மாமல்லபுரம் எங்கேயும் ஓடிடாது. 1,300 வருஷமா அங்கேயேதான் நிக்குது. வேலைக்குப் போனதும் முதல் மாசச் சம்பளத்தில் போய்க்கலாம்.

உங்க கிளாஸ்ல அடுத்த தடவை டூர் பேச்சு வந்தா, இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி சீட்டைச் சுத்தி விடுங்க. ஒரு பேப்பரைக் கிழிச்சா 24 துண்டு வரும். செலவு சைபர்!