கால்குலேட்டருக்கு கிரவுண்டு சொல்லிக் கொடுக்கலாமா?

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் மனை விசாரித்தால் யாரும் சதுர மீட்டரில் பதில் சொல்வதில்லை. கிரவுண்டு, இல்லையென்றால் சென்ட். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சி மொழியில் மனைக் கணக்கு புரோகிராம் எழுத உட்காரும் மாணவருக்கு இங்கேதான் சிக்கல். சைன், காஸ் எல்லாம் தெரிந்த லைப்ரரிக்கு கிரவுண்டு தெரியாது!

லூயிஸ் வான் விங்கிள் எழுதிய டைனிஎக்ஸ்பர் இதற்குக் கைகொடுக்கும். ஒரு சி ஃபைல், ஒரு ஹெட்டர் ஃபைல், அவ்வளவுதான். டைப் செய்த கணக்கை ஸ்ட்ரிங்காக வாங்கி விடை தரும். புது ஃபங்ஷன் சேர்ப்பதும் சுலபம். நீளத்தையும் அகலத்தையும் வாங்கி, பெருக்கி, 2400-ஆல் வகுக்கும் சாதாரண சி ஃபங்ஷன் ஒன்று எழுத வேண்டும். பிறகு ஒரு அர்ரேயில் அதன் பெயர், முகவரி, எத்தனை ஆர்கியுமென்ட் என்ற விவரம். (பெயர் ஆங்கில எழுத்தில்தான். தமிழில் வைத்தால் ஏற்காது, என்ன செய்வது!)

அந்த மூன்றாவது விவரத்தில்தான் ஆபத்து. முகவரி வாய்டு பாயிண்டராகப் போவதால், எண்ணிக்கை சரியா என்று கம்பைலரால் பார்க்க முடியாது. இரண்டு என்று போட வேண்டிய இடத்தில் ஒன்று என்று போட்டால் என்ன ஆகும்? "60,40" என்று கொடுத்தால் பிழை வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. ஒரே ஆர்கியுமென்ட் ஃபங்ஷனுக்கு அடைப்புக்குறிக்குள் வரும் கமாவை டைனிஎக்ஸ்பர் ஒரு ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளும். சி மொழியில் போலவே கமாவுக்குப் பின்னால் இருப்பதே விடை. அதனால் 60 காணாமல் போய், 40 மட்டும் உள்ளே போகும். அகலத்துக்கு? ரெஜிஸ்டரில் முன்பு மிச்சமிருந்த ஏதோ ஒரு எண். விடை சில நேரம் நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் பயங்கரம். கிரவுண்டுக்கு இத்தனை லட்சம் என்று பேசும் ஊரில் அரை கிரவுண்டு பிசகினால் வீட்டுக்கடனே மாறிவிடும்.

எனவே எழுதி முடித்ததும் "60,40" கொடுத்து 1 வருகிறதா, "30,40" கொடுத்து 0.5 வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. அர்ரேயில் கொடுத்த பெயரைத்தான் டைனிஎக்ஸ்பர் முதலில் தேடும், உள்ளேயே இருக்கும் பெயர்கள் அப்புறம்தான். அதில் லாக் என்றால் 10 அடிமான லாக், சி மொழியின் லாக் வேறு. அந்தப் பெயரிலேயே சொந்த ஃபங்ஷன் கொடுத்தால் இதையும் மாற்றிக்கொள்ளலாம்.