ஆறாயிரம் தோட்டாக்களின் கதை

1911 ரகக் கைத்துப்பாக்கியைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு தகவல் தவறாமல் வரும்: சோதனையில் ஆறாயிரம் தோட்டா சுட்டும் அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதே துப்பாக்கிக்குத்தான் மாற்று ஸ்பிரிங், மாற்று விசை, நீண்ட வழிகாட்டித் தண்டு என்று கடைச்சரக்கு குவிந்து கிடக்கிறது. சிக்காத ஒன்றுக்கு எதற்கு இத்தனை உதிரிகள்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனையின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

தேடல் பிலிப்பைன்சுக்குக் கொண்டுபோனது. அங்கே மோரோ வீரர்களோடு மோதிய அமெரிக்கப் படையினர், .38 ரிவால்வரின் அடி போதவில்லை என்றார்கள். 1904இல் தாம்ப்சன், லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் சோதித்துப் பார்த்து .45 அளவுத் தோட்டாவைப் பரிந்துரைத்தார்கள். அதற்கேற்ற துப்பாக்கிக்கான போட்டியில் கடைசிவரை நின்றவை இரண்டு: ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட், இன்னொன்று சாவேஜ்.

1911 மார்ச்சில் முடிவு தெரிந்தது. நூறு தோட்டா சுடுவது, ஐந்து நிமிடம் ஆறவிடுவது, மறுபடி நூறு; இப்படியே ஆறாயிரம் வரை. சாவேஜ் 37 முறை தடுமாறியது. 1911 ரகம் என்று பெயர்பெற்ற கோல்ட் ஒருமுறையும் இல்லை. ஆனால் ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். புகழ்பாடுகிறவர்கள் விட்டுவிடும் இந்த விவரம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்று தேறியது வெறும் இரும்பு அல்ல; துப்பாக்கி, மேகசின், ஸ்பிரிங், தோட்டா, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு.

முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவமே அந்தத் துப்பாக்கியில் கைவைத்தது. எதையெல்லாம் மாற்றினார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு விடை தெளிந்தது. விசையைக் குட்டையாக்கினார்கள், முன்குறியை அகலமாக்கினார்கள், பிடியின் பின்புறத்தை வளைத்தார்கள், கையைக் கடிக்காதபடி பிடிப் பாதுகாப்பின் வாலை நீட்டினார்கள். எல்லாமே கையும் கண்ணும் படுகிற இடங்கள். தோட்டா ஏறி, வெடித்து, வெற்றுக்கூடு வெளியேறும் சுழற்சியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கையும் கண்ணும் படும் இடமா, சுழற்சியா என்ற இந்தக் கோட்டை வைத்தே உதிரிகளை நான் இப்போது பிரிக்கிறேன். நல்ல குறிகள், கைக்குப் பொருந்தும் பிடி: காசுக்குத் தகும். தேய்ந்த ஸ்பிரிங்கை அதே வலுவுள்ள புதியதால் மாற்றுவதும் அப்படியே. ஆனால் ஏழு தோட்டாவுக்கென அமைந்த மேகசினின் உயரத்திலேயே எட்டைத் திணிக்க, உள் ஸ்பிரிங்குக்கு இருக்கும் இடத்தைக் குறுக்கவேண்டும். தோட்டா சரியாக ஏறாமல் போவதற்கு மேகசின் ஒரு முக்கியக் காரணம் என்பதால் இதை நான் ஏற்கமாட்டேன்.

நீண்ட வழிகாட்டித் தண்டும் வேண்டாம். பிரவுனிங்கின் குட்டைத் தண்டோடு துப்பாக்கியைக் கருவி எதுவும் இல்லாமல், கட்டைவிரலால் அழுத்தியே பிரிக்கலாம். இரு துண்டாக வரும் நீளத் தண்டைப் போட்டுவிட்டால், துடைக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஆலன் சாவி தேவைப்படும்.