ஆறு கன மீட்டர்

ஒரு வீட்டை எதை வைத்து அளப்பது? வாங்குபவருக்குச் சதுர அடி. வாடகைக்கு வருபவருக்கு எத்தனை பெட்ரூம். வங்கிக்கு மதிப்பீட்டாளர் எழுதித் தருகிற ரூபாய்த் தொகை. வீட்டைக் கப்பலில் அனுப்பப் போகிறவர்களுக்கு மட்டும் கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வருகிற ஓர் எண்.

எங்களுக்கு வாய்த்த எண் ஆறு. குரோம்பேட்டையிலிருந்து ஹாம்பர்க்குக்குக் குடிபோக, வேலை கொடுத்த நிறுவனம் அவ்வளவுக்குத்தான் பணம் தரும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். ஓர் ஆட்டோவை அப்படியே அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் ஏறக்குறைய இதே இடத்தைத்தான் பிடிக்கும். பதினோரு வருஷம் வாழ்ந்த வீட்டில் ஓர் ஆட்டோ அளவுக்கு மட்டும் எடுத்துப் போகலாம்.

இருபதடிக் கண்டெய்னரின் உட்புறம் சுமார் 33 கன மீட்டர். எங்கள் சாமானுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஏற்றுவார்கள். சர்வேக்கு வந்த தம்பி கையில் டேப்போடு அறை அறையாகப் போனார். கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எல்லாமே போகுதா மேடம், இல்ல வீட்ல யாராவது இருப்பாங்களா?"

அம்மா இருப்பார்.

இணையத்தில் கிடைக்கிற குடிபெயர்வுப் பட்டியல்கள் எல்லாமே வீடு காலியாகும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. விற்க, கொடுக்க, எறிய, எடுத்துப் போக என்று நான்கு நெடுவரிசை. எங்கள் வீடு காலியாகவில்லை, பிரிகிறது. அப்பா போன பிறகு நான்கு வருஷமாக அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இனி அதே வீட்டில் தனியாக இருப்பார். தம்பி தாம்பரத்தில் இருக்கிறான், வாரம் ஒருமுறை வருவான். ஆக, நான் பட்டியலில் சேர்க்கிற ஒவ்வொரு பொருளும் அம்மாவின் வீட்டிலிருந்து கழிகிற பொருள்.

கணவரும் நானும் மென்பொருள்காரர்கள். திட்டம் என்றால் எங்களுக்கு எது எதைச் சார்ந்திருக்கிறது என்று படம் போட்டாக வேண்டும். போட்டோம். விசா, மகளின் பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவது, சாமான். இதில் மிக நீளமான பாதை எது என்று பார்த்தால், பூனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இந்தியாவிலிருந்து போகும் பூனைக்கு முதலில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு சரியாக இருந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாலு மாதத்துக்குக் குறைந்து எதுவும் நடக்காது. மூன்று மனிதர்களின் பயணத் தேதியை முடிவு செய்தது சோபாவுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சாமான் கணக்குக்கு வருகிறேன். விமானத்தில் போய் வந்து பழகியவர்கள் நாம். தராசில் பெட்டியைத் தூக்கி வைத்து 23 கிலோ தாண்டுகிறதா என்று பார்க்கிறவர்கள். கடலில் இந்தப் புத்தி வேலைக்கு ஆகாது. கப்பல் சரக்கில் ஒரு கன மீட்டரும் ஒரு டன்னும் சமம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு என்பது பொதுவான வழக்கம். வீட்டுச் சாமானில் கன மீட்டருக்கு ஒரு டன் வருவது நடக்காத காரியம். அதனால் எடை கணக்கிலேயே வராது. நாம் காசு கொடுப்பது பொருளுக்குள் இருக்கிற காற்றுக்குத்தான். மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, காலி அண்டா, தலையணை எல்லாம் கொள்ளை விலை. புத்தகமும் அம்மிக்கல்லும் ஏறக்குறைய இலவசம்.

இதை அம்மாவிடம் விளக்கியதும் அவர் முகம் மாறியது. நாலு மாதமாக, "அந்தக் கல்லையெல்லாம் எதுக்குடி தூக்கிட்டு அலையணும், இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அது அக்கறை என்று நினைத்திருந்தேன். கல் கனக்காது என்று தெரிந்த பிறகுதான், கல் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. அம்மி இங்கேயே இருக்கட்டும் என்று அடித்தேன். அடுத்த நாள் காலை காபி ஆற்றிக்கொண்டே, "எடுத்துட்டே போ. நான் எங்க அரைக்கறேன், மிக்ஸில போட்டா ரெண்டு நிமிஷம்" என்றார். மறுபடி சேர்த்தேன். இப்படி மூன்று முறை. எக்செல் கோப்பின் திருத்த வரலாற்றில் அந்த அம்மி போவதும் வருவதுமாக இருக்கிறது.

சமையலறைதான் மற்ற எல்லா அறைகளையும்விடச் சிக்கல். ஜெர்மனியில் வாடகை வீடுகள் பல சமையலறையே இல்லாமல்தான் கிடைக்கும். அலமாரி, தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் மிக்ஸி ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால் போகலாம், ஒட்டாவிட்டால் அம்மாவுக்கு. மகள் ஃபிரிட்ஜிலிருந்து மாம்பழக் காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்கள் முழுக்க ஒட்டிப் பார்த்து முடித்தாள். முக்கால்வாசி அம்மாவுக்கே தங்கியது.

உணவு விதிகள் தனிக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருட்களைக் கொண்டுபோக முடியாது. அதனால் அம்மா காய்ச்சிய நெய் போகாது. கருவாடு 20 கிலோ வரை போகலாம். பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஆனால் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு உண்டு. "தேங்கா விடறானா? அப்ப நல்ல ஊருதான்" என்றார் அம்மா. அந்த வாரம் முழுக்க ஜெர்மனியைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அடுத்து, பொருளின் வயது. ஜெர்மன் சுங்கத்தில் வரியில்லாமல் வீட்டுச் சாமானை இறக்க வேண்டுமானால், குறைந்தது ஆறு மாதமாவது நாம் பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும். இறக்கிய பிறகு 12 மாதத்துக்கு அதை விற்கவோ இரவல் தரவோ கூடாது. இந்தியப் பக்கம் வேறொரு சட்டம் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், உலோகக் கைவினைப் பொருள் போன்றவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடி, கையெழுத்துப் பிரதி போன்றவற்றில் மதிப்புள்ளவற்றுக்கு 75 வருஷம். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். ஆக, வீட்டுச் சாமான் சிக்கலில்லாமல் கடல் தாண்ட, வயது ஆறு மாதத்துக்கு மேலும் நூறு வருஷத்துக்குக் கீழும் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது குத்துவிளக்கு. அம்மாவின் பாட்டி கல்யாணத்துக்கு வந்தது. எந்த வருஷக் கல்யாணம் என்று யாருக்கும் தெரியாது. உறவினர்களுக்குப் போன் போட்டுக் கணக்குப் போட்டதில் நூறைத் தொட்டு நின்றது. சான்று வாங்க அலையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சட்டத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். "நூறு ஆயிடுச்சுன்னா நாட்டை விட்டுப் போக முடியாதா? எனக்கு எழுபத்தொண்ணு. இன்னும் இருபத்தொன்பது வருஷம் டைம் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். விளக்கு இங்கேயே இருக்கட்டும் என்று அதோடு முடிவானது.

சிரிப்பு முடிந்த இடத்தில் உண்மையான கேள்வி இருந்தது. 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதன்முறையாகத் திறன் தொழிலாளர் அனுமதி பெறுகிறவர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ள ஜெர்மனி வழி செய்திருக்கிறது. அவர்களுக்கான செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் நாம் நிரூபிக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் காப்பீடு தேடுவது எப்படி இருக்கும் என்று இங்கேயே நமக்குத் தெரியும். அதற்கும் மேலே, அம்மாவுக்கு விருப்பமில்லை. "அங்க வந்து ஜன்னல் வழியா பனியப் பாத்துட்டு உக்காரவா? இங்க கீழ இறங்கினா நாலு பேர் இருக்காங்க." இது சாக்கு இல்லை. மாலை ஆறு மணிக்கு அபார்ட்மெண்ட் பெஞ்சில் அந்த நாலு பேரும் நிஜமாகவே இருக்கிறார்கள்.

அந்த நாலு பேரிடம் அம்மா சொல்லி வைத்திருந்தது, "ரெண்டு வருஷம்தான், வந்துருவாங்க." நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. ஐ.டி. குடும்பங்களில் இந்த ரெண்டு வருஷத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, விசா மாதிரி அதுவும் தானாக நீட்டித்துக்கொள்ளும். ஆனால் சுங்கப் படிவத்துக்கு இந்த நாகரிகம் தெரியாது. வரிவிலக்கு வேண்டுமென்றால், வழக்கமான வசிப்பிடத்தை இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்கு மாற்றுகிறோம் என்று அறிவிக்க வேண்டும். போய்ப் பார்க்கிறோம் என்று எழுத அதில் இடமில்லை. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "அப்ப போறோம்னு எழுதிக் கொடுக்கணுமா?" "ஆமாம்மா." கொஞ்ச நேரம் நின்றார். "சரி, பொய் எழுதாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெஞ்சில் வருஷக் கணக்கு சொல்வதை நிறுத்திவிட்டார் என்று கீழ் வீட்டு அக்கா சொன்னார்.

இந்தத் திட்டமிடலே ஒரு வசதி என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் தமிழ் வேரூன்றியது எண்பதுகளிலிருந்து ஈழத்துப் போரிலிருந்து தப்பிப் போனவர்களால். அவர்களில் யாரும் பூனைக்கு நாலு மாதம் முன்னால் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பவில்லை. ஹாம் நகரத்தில் 2002-இல் அவர்கள் எழுப்பி முடித்த காமாட்சி அம்பாள் கோயிலின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டையே கொண்டுபோக முடியாதவர்கள் கோபுரத்தைக் கட்டியிருக்கிறார்களே என்று தோன்றும். என் ஆறு கன மீட்டர் போதவில்லை என்று புலம்பும் நாட்களில் அந்தப் படம் கொஞ்சம் உதவுகிறது.

கடைசியாகக் காப்பீடு. ஒவ்வொரு பொருளுக்கும் நேராக, போகிற ஊரில் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எழுத வேண்டும். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. இன்னொரு பழைய கடல் சட்டமும் இருக்கிறது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் செலவை, அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸில் சிக்கியபோது அப்படித்தான் அறிவித்தார்கள். என்றோ அப்படி ஒன்று நடந்தால், முன்பின் தெரியாத ஒருவரின் சைக்கிளுக்கும் எங்கள் அம்மிக்கும் ஒரே கணக்கு.

விலை நெடுவரிசையில் அம்மி, அப்பாவின் கான்வாஸ் சாய்வு நாற்காலி, மகளின் முதல் சைக்கிள் மூன்றும் காலியாகவே இருந்தன. நாற்காலி மடித்தால் தட்டையாகிவிடும், இடம் பிடிக்காது. ஆனாலும் அதை எடுக்கவில்லை. அம்மா மாலையில் அதில் உட்காருவதில்லை, அதன் பக்கத்தில் தரையில்தான் உட்காருவார். அது அங்கே இல்லாவிட்டால் எங்கே உட்காருவார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மி போகிறது, 60 யூரோ என்று போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "எவ்வளவுன்னு போட்ருக்க? நம்ம காசுல?" என்றார். சொன்னேன். "அது ஆட்டாம்பட்டிச் சந்தையில பன்னெண்டு ரூபா. உங்கப்பா சைக்கிள் கேரியர்ல கட்டிட்டு வந்தாரு. வழியில ரெண்டு தடவ விழுந்துச்சு."

இதுவரை எனக்குத் தெரியாத சேதி. கோப்பில் இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன்: எங்கிருந்து வந்தது. அம்மா தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பொருளுக்குச் சொல்கிறார், நான் தட்டுகிறேன். போகிறதற்கும் போகாததற்கும் சேர்த்தே. 118 வரிசையில் இதுவரை 41 நிரம்பியிருக்கிறது. பேக்கிங் ஆட்கள் வர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.