அம்ரி: ஒரு மலைக்கிராமமும் அதன் ஐஸ் ஹொக்கிக் கழகமும்



சுவிசுக்கு வந்த புதிதில் எம்மில் அநேகருக்கு ஐஸ் ஹொக்கி ஒரு தள்ளுமுள்ளாகவே தெரியும். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, அந்தக் கறுப்பு இறப்பர் வட்டு எங்கே போகிறது என்று பிடிபடாது. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெரியவர்தான் அந்த எண்ணத்தை மாற்றினார். அவர் லெவெந்தீனாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். "என் ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஆட்டம் நடக்கும் நாளில் வா. மற்ற நாளில் வந்தால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பாய்" என்றார். கடந்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை என் மகனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

லுற்சேர்னில் இருந்து தெற்கே போக இரண்டு வழிகள் உண்டு. 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான கோட்டார்ட் அடிவாரச் சுரங்கத்தால் போகும் விரைவு ரயிலில் ஏறினால் அம்ரியைப் பார்க்கவே முடியாது. அது மலைக்கு அடியால் போய்விடும். பழைய மலைப்பாதையால் போகும் ரயிலில் ஏறவேண்டும். வாசன் என்ற ஊரின் சிறிய தேவாலயம், ரயில் வளைந்து வளைந்து ஏறும்போது மூன்று தடவை, மூன்று உயரங்களில் தெரியும். பிறகு 1882இல் திறந்த 15 கிலோமீற்றர் சுரங்கம். இருட்டுக்குள் போகும்போது ஜேர்மன் மொழி. வெளியே ஐரோலோவில் இத்தாலிய மொழி. அதற்கு அடுத்தாற்போல் அம்ரி-பியோத்தா.

ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்கும் இடம். அம்ரி, பியோத்தா என்ற இரண்டு கிராமங்களும் அடங்கிய குயின்ரோ ஊராட்சியில் மொத்தமே ஆயிரம் பேரளவில்தான் இருக்கிறார்கள். இந்த ஊரில்தான் 1937ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் கழகம் தொடங்கியது. 1985இல் நாட்டின் மேற்பிரிவுக்கு ஏறியது. சூரிச், பேர்ண் போன்ற பெரிய நகரங்களின் கழகங்களோடு மோதி, சில வருடங்களில் கீழே விழும் விளிம்புவரை போய், நாற்பது வருடங்களாக அங்கேயே நின்று பிடித்திருக்கிறது.

சுவிஸ் சம்பியன் பட்டம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. 1999இல் கைக்கு எட்டியது. அந்தப் பருவத்தில் பட்டியலில் முதலிடம். இறுதிச் சுற்றில் எதிரே வந்தது அதே திச்சினோ மாநிலத்துப் பணக்கார நகரமான லுகானோ. பட்டம் லுகானோவுக்குப் போயிற்று. "அந்த வருடத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே" என்று பெரியவர் இன்றும் சொல்வார். ஆனால் அதே 1999இல் ஐரோப்பிய சுப்பர் கிண்ணத்துக்காக ரஷ்யாவின் மக்னித்தோகோர்ஸ்க் அணியை இந்தக் கிராமத்து அணி வென்றது. 2022இல் டாவோசில் நடக்கும் ஸ்பெங்லர் கிண்ணத்தையும் வென்றது.

பழைய அரங்கின் பெயர் வலாஷா. 1959இல் கட்டியது, கூரை போட்டது 1979இல்தான். பக்கங்கள் திறந்தே கிடந்ததால் குளிர் எலும்புவரை ஏறுமாம். அதோடு அது பனிச்சரிவு விழக்கூடிய அபாய இடம். புதிய அரங்கு இல்லாவிட்டால் மேற்பிரிவில் இடமில்லை என்ற நிலை வந்தபோது, 50 மில்லியன் பிராங்கிற்கு மேல் தேவைப்பட்டது. ஆதரவாளர்களும் பங்கு வாங்கிக் கைகொடுத்தார்கள். திச்சினோவில் பிறந்த, உலகப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் மாரியோ பொத்தா வரைந்து கொடுத்தார். பழைய இராணுவ விமானத் தளத்தருகே 2021 செப்ரெம்பரில் அது திறக்கப்பட்டது. வலாஷாவின் கடைசிப் பருவமோ தொற்றுநோய்க் காலத்தில் பார்வையாளர் இல்லாமலே முடிந்தது. அதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது. பிறந்த வீட்டைக் கடைசியாக ஒருதடவை பார்க்க முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்று எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மாலையானதும் ரயிலிலும் காரிலும் சனம் வந்து இறங்கியது. பெரியவரின் இரண்டு பிள்ளைகளும் சூரிச்சிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். வேலை தேடி வெளியே போனவர்கள் எல்லோரும் நீல வெள்ளைக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நலம் விசாரித்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் தேருக்குக் கொழும்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியது என் கண்ணுக்குள் வந்தது. ஆயிரம் பேர் வாழும் ஊரில் 6,700 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு எதற்கு என்று அப்போது விளங்கியது.

ஆட்டம் இருபது நிமிடப் பகுதிகளாக மூன்று. பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு காப்பாளரும். ஆட்கள் ஒரு நிமிடத்துக்குள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வட்டைத் தேடாமல் ஆட்களைப் பாருங்கள், வட்டு தானாகத் தெரியும் என்று பெரியவர் சொன்னார். உண்மைதான்.

அன்று அம்ரி தோற்றது. வென்றால் முழு அரங்கும் எழுந்து 'லா மொன்தனாரா' என்ற மலைப்பாட்டைப் பாடும். அன்று பாட்டு இல்லை. ஆனாலும் சனம் கைதட்டித்தான் வீரர்களை அனுப்பியது. திரும்பும் ரயிலில் மகன் கேட்டான்: "அப்பா, தோத்தாலும் ஏன் இந்தச் சனம் திரும்பத் திரும்ப வருது?"

"அவையின்ர ஊர் எல்லோ" என்றேன்.

கொஞ்ச நேரம் யன்னலால் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட ஊருக்கு நாங்கள் எப்ப போவம்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. "அந்தப் பாட்டைக் கேக்க இன்னொருக்கா இங்க வருவம்" என்று மட்டும் சொன்னேன்.

போக விரும்புவோருக்கு: நிற்கும் இடத்துக்கான ரிக்கற் இருக்கையைவிட மலிவு. தடித்த காலுறையும் தொப்பியும் அவசியம். இரவு திரும்பும் ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.