நானும் ஒரு பல்கலைக்கழக மாணவி



சென்ற பள்ளி விடுமுறையில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, பழைய சம்பளச் சீட்டுகளுக்கு இடையிலிருந்து என் மாணவர் அட்டை நழுவி விழுந்தது. அதிலிருந்த நிழற்படத்தைப் பார்த்த மகள், "அம்மா, இது காவல் நிலையத்தில் எடுத்த படமா?" என்று கேட்டாள்.

அவள் இப்போது பினாங்கில் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவி. விடுமுறைக்கு முந்திய நாள் காப்பிக் கடையில் பகுதிநேர வேலையை முடித்துவிட்டு, களைப்போடு பட்டர்வொர்த்தில் இரயில் ஏறியிருக்கிறாள். தாப்பா ரோட்டில் இறங்க வேண்டியவள் சிலிம் ரிவரில் கண்விழித்தாள். அவள் அப்பா இரவோடு இரவாக மகிழுந்தை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். நான் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பேசுவதற்குரிய தகுதி எனக்கு இல்லை என்பதை அந்த அட்டை அறியும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை (அப்போது 'மக்தாப்' என்போம், இப்போது ஆசிரியர் கல்விக் கழகம்) விட்டுப் பட்டயத்தோடு வெளிவந்த ஆண்டு 2002. அப்போதெல்லாம் பட்டம் பெற்றால்தான் சம்பள நிலை இருபத்தொன்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு உயர்ந்தது. ஆகவே 2010இல், முப்பத்தொரு வயதில், கையில் நான்கு வயதுக் குழந்தையோடு நானும் பல்கலைக்கழக மாணவியானேன். வார நாள்களில் பீடோர் வட்டாரத் தோட்டப்புறப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் ஈப்போவில் பின் வரிசை மாணவி. என்னைப்போல் பலர் அவ்வகுப்பில் இருந்தனர். விரிவுரையாளர் கேள்வி கேட்டால் ஒருவர் முதுகுக்குப் பின்னே ஒருவர் ஒளிந்துகொள்வோம். எல்லாரும் மறுநாளோ மறுவாரமோ 'கையைத் தூக்கிப் பதில் சொல்லுங்கள்' என்று பிள்ளைகளை அதட்டப் போகிறவர்கள்தாம்!

கணவருக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆதலால் எனக்குப் பேருந்துதான். காலையில் பீடோரில் ஏறினால் தாப்பா, கம்பார், கோப்பேங் எனப் பழைய சாலை வழியாக, நின்று நின்று மேடான் கிட் நிலையத்தைச் சென்றடையும். ஓட்டுநரே சீட்டும் கொடுப்பார். அவர் வேறு யாருமல்லர். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. முதல்நாள் என்னைக் கண்டதும், "சனிக்கிழமையும் வகுப்பா டீச்சர்?" என்றார். "நான் படிக்கப் போகிறேன்" என்று சற்றுப் பெருமையோடு மாணவர் அட்டையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீருடை போட்டிருந்தால் பாதிக் கட்டணம் வாங்கலாம் டீச்சர்" என்றார். பேருந்தே சிரித்தது. திங்கட்கிழமை காலைக்குள் அச்செய்தி என் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. "டீச்சர், உங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டா? உங்கள் டீச்சர் அடிப்பாரா?" எனக் கேள்விமேல் கேள்வி.

2011இல் ஒரு சனிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்குள் குழந்தை உளவியல் பாடத்திற்கான இடுபணியை ஒப்படைக்க வேண்டும். மலாய் மொழியில் ஏறக்குறைய 20 பக்கம். ஏழு முதல் பதினொரு வயதுவரை பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பியாஜேயின் கோட்பாட்டைக்கொண்டு எழுதியிருந்தேன். மூன்று இரவு கண்விழித்த உழைப்பு. கண்விழித்த கடனைப் பேருந்தில்தானே அடைக்க முடியும்? கம்பாரைக் கடந்ததுவரை நினைவிருக்கிறது. மேடான் கிட்டில் யாரோ தோளைத் தட்டி எழுப்ப, அலறிப் புடைத்துக்கொண்டு இறங்கினேன். பசியாறுவதற்காக நாசி லெமாக் வாங்கிப் பணத்தை எடுக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தோளில் கைப்பை மட்டுமே இருந்தது. இடுபணி இருந்த பழுப்பு உறை இருக்கையிலேயே தங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பேருந்து கிளம்பிவிட்டிருந்தது.

வீட்டுக் கணினியிலிருந்து அனுப்பச் சொல்லலாமென்றால், விரலியும் அதே உறையில்தான். கணினியில் இருந்ததோ முந்திய வாரத்து அரைகுறைப் படி.

விரிவுரையாளர் என்னைவிட இளையவர். அவர்முன் கைகட்டி நின்று, "செய்துவிட்டேன் ஐயா, பேருந்தில் மறந்துவிட்டேன்" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே என் வாய் உலர்ந்துபோயிற்று. அதே சொற்களை இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, நான் கேட்டிருந்தேன். "செய்துவிட்டேன் டீச்சர், அப்பா பேருந்தில் மறந்துவிட்டேன்" என்றான் அந்த ஓட்டுநரின் மகன். "எல்லாருடைய வீட்டுப்பாடமும் உன் அப்பா பேருந்தில்தான் ஊர் சுற்றுகிறதா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேன். பிறகு ஒரு பாடவேளை முழுவதும் அவனை வாசலில் நிற்க வைத்தேன்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. வாசலிலும் நிற்க வைக்கவில்லை. "பரவாயில்லை சிக்கு, அடுத்த வகுப்பில் கொடுங்கள். ஆனால் பத்து மதிப்பெண் குறையும்" என்றார். அவர் என்னை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் அந்தப் பத்து மதிப்பெண்ணைவிட உறுத்தியது.

திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது அவன் எழுந்து முன்னே வந்தான். நாளிதழ்த் தாளில் பொதிந்த ஒன்றை மேசைமேல் வைத்து, "டீச்சர், உங்கள் வீட்டுப்பாடம். அப்பா பேருந்தைக் கூட்டும்போது இருந்ததாம்" என்றான். கேலி ஏதுமில்லை, ஒப்படைத்த கடமை முகத்தில் தெரிந்தது. வகுப்பு மூச்சுவிடவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

"நன்றி ஐயா" என்றேன். பிறகு, "உன் கணிதப் பயிற்சிப் புத்தகம் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே கொண்டு வந்துவிட்டேன் டீச்சர். நீங்கள் கேட்கவில்லை."

மூன்று நாளாக அது அவன் பையிலேயே இருந்திருக்கிறது. அங்கேயே, அவன் பக்கத்தில் நின்று திருத்தினேன். பத்துக் கணக்கில் எட்டு சரி. "நீ சொன்னது உண்மைதான். நான் நம்பாதது என் தவறு" என்று எல்லாரும் கேட்கவே சொன்னேன். அவனுக்கு அதெல்லாம் பொருட்டாகத் தெரியவில்லை. அவனுடைய கவலை வேறு. "உங்கள் சார் உங்களையும் வெளியே நிற்க வைத்தாரா டீச்சர்?"

"இல்லை. பத்து மதிப்பெண் குறைத்துவிட்டார்."

"ஐயோ!" என்றான், என்னைவிட வருந்தி.

2014இல் பட்டம் பெற்றேன். அன்றைய நிழற்படம் வரவேற்பறையில் தொங்குகிறது; அதில் நான் சற்று நன்றாகவே இருக்கிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவர்களுக்கு இப்போது எல்லாம் இணையத்தில் பதிவேற்றம்தானாம். பேருந்தில் மறப்பதற்கு வழியே இல்லையாம். சற்று நேரம் கழித்து அவளே, "ஆனால் இணையம் அறுந்துவிட்டது என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள் அம்மா" என்றாள்.