சாலை ஏன் மேலே ஏறுச்சு?

நம்ம லேப்ல அந்த நீலக்கலர் டர்போ சி திரையைப் பார்க்காதவங்க உங்கள்ல யாரும் இருக்க மாட்டீங்க. "தாத்தா காலத்து கம்பைலர்" என்று கிண்டலடித்தவர்களில் நானும் ஒருத்தன். கிராஃபிக்ஸ் மினி ப்ராஜெக்டில் அது என்னைத் திருப்பி அடித்தது.

ஓடுற கார், பின்னால் சாலை, மரங்கள். அவ்வளவுதான் ப்ராஜெக்ட். 320×200 திரை, புள்ளிக்கு ஒரு பைட், ஆக 64,000 பைட். பின்னணிக்கு ஒன்று, அதன் மேல் வரைய ஒன்று என இரண்டு படம் வேண்டும். நான் ரொம்ப புத்திசாலியாக ஃபார்மேலாக்கில் 1,28,000 பைட்டை ஒரே துண்டாக வாங்கிவிட்டேன். முதல் படத்தை இரண்டாவதில் காப்பி பண்ணும் லூப்பை என் பார்ட்னர் எழுதினான்.

ரன் பண்ணினால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சாலை மேலே ஏறுது, எஸ்கலேட்டர் மாதிரி! கார் போன தடமெல்லாம் கூடவே ஒட்டிக்கிட்டு வருது. எரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. "உன் லூப்தான்டா தப்பு" என்றேன். மூணு தடவை மாத்தி எழுதினான். நாலாவது தடவை சொன்னதும், "நீயே எழுதிக்கோ"ன்னு எழுந்து போயிட்டான். ரிவ்யூவுக்கு நாலு நாள். ரெண்டு நாள் பேச்சே இல்லை.

தனியா உட்கார்ந்தப்போதான் புரிஞ்சது. 1981 ஐபிஎம் பிசியில் இருந்த 8088-இன் ரெஜிஸ்டர்கள் 16 பிட். ஒரு ரெஜிஸ்டரால் 65,536 பைட்டுக்கு மேல் எட்ட முடியாது. அதனால் செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி, ஆஃப்செட்டைக் கூட்டி 1 எம்பி வரை போனார்கள். ஃபார் பாயின்டரில் இரண்டும் இருக்கும். ஆனால் கூட்டும்போது கம்பைலர் ஆஃப்செட்டை மட்டும்தான் தொடும். 65,535-ஐத் தாண்டினால் ஆஃப்செட் பூஜ்யத்துக்கு வந்துவிடும், செக்மென்ட் அப்படியே நிற்கும். என் இரண்டாவது படம் 64,000-இல் தொடங்குது. 1,536 பைட் போனதும் சுத்தி வந்து முதல் படத்தின் தலையிலேயே எழுத ஆரம்பிக்குது. 1,536-ஐ 320-ஆல் வகுத்தேன்: 4.8. சாலை ஏறினதும் ஏறக்குறைய அஞ்சு வரிதான். வயித்தைக் கலக்கிடுச்சு.

ஹ்யூஜ் பாயின்டர் போட்டால் செக்மென்ட்டும் சேர்ந்து நகரும், ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்கும் கூடுதல் வேலை. கார் மாட்டுவண்டி ஆகிவிடும். 64,000 பைட்டில் இரண்டு தனித் துண்டு வாங்கினேன். (நம்பரோட எல் போட மறக்காதீங்க, டர்போ சி இன்ட் 32,767-லயே நின்னுடும்.) சாலை அசையாமல் நின்றது.

கேன்டீன்ல அவன்கிட்ட 4.8-ஐ எழுதிக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. லேப்டாப்பை இழுத்து, முதல் தடவை எழுதின லூப்பையே திரும்பப் போட்டான்.