நெய்க்குச் சாட்சி எள்

தமிழில் நெய் என்ற சொல் முதலில் அகன்ற பொருளுடையதாக இருந்தது. எள்ளிலிருந்து பெற்ற நெய்யே எண்ணெய் ஆயிற்று. பின்னர் எண்ணெய் பொதுச்சொல்லாக விரிய, நெய் பாலிலிருந்து வருவதற்கே உரியதாகச் சுருங்கிற்று. கன்னடமும் துப்ப என்றும் எண்ணெ என்றும் இரண்டையும் பிரித்தே வழங்குகிறது. மொழிகள் நெடுங்காலமாகக் காத்துவந்த இந்த எல்லையைத்தான் கலப்படம் அழிக்கிறது.

2021 டிசம்பரில் மைசூருவை அடுத்த ஹொசஹுண்டியில், கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' பெயரில் போலி நெய் தயாரித்த இடத்தை அதிகாரிகள் சோதனையிட்டனர். பாமாயிலும் வனஸ்பதியும் அங்கே நெய்யாகிக் கொண்டிருந்தன. உறையில் இருந்த பெயரை நம்பியே மக்கள் அதை வாங்கினர்.

நாவால் அறிய இயலாததைச் சோதனைக்கூடம் அறிகிறது. நெய்யிலுள்ள பியூட்டிரிக் அமிலம் அதன் ரைகர்ட்-மைசல் மதிப்பை உயர்த்துகிறது. பாமாயிலில் அம்மதிப்பு மிகக் குறைவு. வனஸ்பதிக்கோ அரசு முன்னரே ஒரு சாட்சியை அமர்த்தியிருந்தது. அதில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது விதி. நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், பூடுவான் சோதனையில் அந்த நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிவிடும். நெய்யிலிருந்து பெயர் பெற்ற எண்ணெயே நெய்யின் தூய்மைக்குக் காவல் நிற்கிறது. ஆனால் நேரடியாகப் பாமாயிலைக் கலப்பவரிடம் இக்காவல் செல்லாது.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு எழுந்தால் மாதிரி மேலாய்வுக் கூடத்துக்குச் செல்லும். அத்தகைய கூடங்களுள் ஒன்று, 1950இல் மைசூருவின் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். குற்றம் நிகழும் ஊரிலேயே இறுதிச் சொல்லும் இருக்கக்கூடும்.

அந்த இறுதிச் சொல் எது என்பதில்தான் சிக்கல். 1954ஆம் ஆண்டுச் சட்டம் தரக்குறைவையும் நஞ்சையும் கலப்படம் என்னும் ஒரே சொல்லில் அடக்கியது. புதிய சட்டமோ தரங்குறைந்தது, பாதுகாப்பற்றது எனப் பிரிக்கிறது. பாதுகாப்பற்றது என்றால் நீதிமன்றமும் சிறையும். தரங்குறைந்தது என்றால் கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி 5 லட்சம் ரூபாய் வரை விதிக்கும் அபராதம் மட்டுமே. போலி முத்திரைக்கு வேறு சட்டங்கள் உண்டு. அவற்றுக்குத் தனி வழக்கு வேண்டும்.

இப்பிரிவு நியாயமற்றதன்று. மாட்டுத் தீவனம் மாறியதால் கொழுப்புக் குறைந்த பாலை விற்ற சிறு வணிகரைச் சிறைக்கு அனுப்புவது தகாது. எனினும் தெரிந்தே பாமாயிலை நெய் என்று விற்றவரும் அதே சொல்லின் நிழலில் ஒதுங்க இயல்கிறது. உடலுக்கு என்ன தீங்கு என்று சட்டம் வினவுகிறது. விடியுமுன் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுவரும் பெண் கேட்பது வேறு: அவள் பாலுக்கு ஈட்டிக்கொடுத்த நற்பெயரை விற்றவருக்கு என்ன பெயர்?